தறியில் கட்டிய தூளி

இனிமேல் இந்த வீட்டில் 'நர்ஸம்மா' என்ற சொல் ஒலிக்கக் கூடாது என்று ஜீவகுமார் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரே. எதிர்த்து ஓட்டுப் போட ஆளில்லை. வீட்டின் மற்றொரு உறுப்பினரான அவர் மனைவி மதனவதி, அப்போது கிணற்றடியில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால், நியாயம் கொஞ்சம் அவர் பக்கமும் இருக்கத்தான் செய்தது.

பிள்ளை எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். குந்துநாதன் என்று தீர்த்தங்கரர் பெயரை வைத்தார்கள். பெயர் பெரிது, ஆள் சிறிது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தார்கள். மதனவதி அங்கேயே தங்கிவிட்டாள். ஜீவகுமார் ஞாயிற்றுக்கிழமைதோறும் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய், பெற்ற பிள்ளையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தார். அதுவும் வரிசையில் நின்று. அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. கோயிலிலாவது தீபாராதனை காட்டுவார்கள். இங்கே அதுவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று அந்த நர்ஸம்மா ஒரு காரியம் செய்தாள். குழந்தையை எப்படித் தூங்க வைப்பது என்று பாடம் நடத்தப் போகிறேன், தாய்மார்களோடு தகப்பன்மார்களும் வந்து பெஞ்சியில் உட்காருங்கள் என்றாள். ஜீவகுமாருக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிகள் அவர் கடைப் பட்டு நூலில் ஓடுகின்றன. அவருக்குத் தூங்குவதற்குப் பாடமா? "தூக்கம் எனக்குத் தானா வரும்மா, டியூஷன் வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே காப்பி குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பாடத்தின் கடைசி வரி மட்டும் அவர் காதில் விழுந்தது. "ஒரு மாசம் கழிச்சுக் கொண்டு வாங்க. எடை ஏறியிருக்கணும். ஏறலேன்னா மறுபடியும் பெட்டியிலதான் வெக்கணும்."

அந்த வரியைக் கேட்ட மதனவதி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். காஞ்சிபுரம் வந்து சேரும் வரை அவள் பிள்ளையை மார்போடு அணைத்த பிடியைத் தளர்த்தவேயில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அவர் என்ன சொன்னாலும் அதற்கு மேல் கோர்ட்டில் அப்பீல்தான்.

"மதனா, ஜன்னலைச் சாத்து. புள்ள தூங்கட்டும்."

"பகல்ல வெளிச்சம் இருக்கணுங்க. நர்ஸம்மா சொன்னாங்க."

"பக்கத்து வூட்டுத் தறி தடக்கு தடக்குன்னு அடிக்குதே. நிறுத்தச் சொல்லட்டா?"

"வேணாங்க. பெட்டியில ராவும் பகலும் லைட்டு எரிஞ்சிக்கினே இருந்துச்சு. அவனுக்கு எது பகலு, எது ராத்திரின்னே தெரியாது. பகல்னா வெளிச்சம், சத்தம். ராத்திரின்னா இருட்டு, அமைதி. நாமதான் சொல்லித் தரணும்னு நர்ஸம்மா…"

"சொன்னாங்க! சரி, ஒரு தலகாணியாவது வெய்யி. அனாதை மாதிரி கெடக்கறான்."

"தலகாணி கூடாதுங்க. மூச்சு முட்டும். தட்டையா, மல்லாக்கப் போடணும்."

"தூளி?"

"ஆட்டிக்கினே இருந்தா, ஆட்டினாத்தான் தூங்குவான். கண்ணு சொக்கறப்பவே பாயில வுட்டுடணும். தூங்கிப்போனப்பறம் இல்ல. தானாத் தூங்கக் கத்துக்குவான்."

"தானாத் தூங்கறதுக்கு அவன் இன்னா காலேஜ் ஹாஸ்டல்லயா சேர்ந்திருக்கான்?"

மதனவதி குழந்தையின் துணிகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். ஜீவகுமார் ஒரு பக்கக் கதவைத் திறந்து மறு பக்கக் கதவைச் சாத்தி, வீட்டுக்குள் நாலு முறை நடந்துவிட்டு, கடையறைக்குப் போய் நூல் மூட்டைகளின் நடுவே உட்கார்ந்து முற்சொன்ன தீர்மானத்தை நிறைவேற்றினார். பெற்றவனுக்கு ஒரு ஓட்டு கிடையாதா? மெட்ராசில் இருக்கும் ஒரு நர்ஸம்மா, காஞ்சிபுரத்தில் இருக்கும் ஒரு வீட்டை ஆள்வதா? அப்போதுதான், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த 'தடக், தடக்' அவர் காதில் புது மாதிரியாக விழுந்தது.

பக்கத்து வீட்டுப் பரசுராமன் காலை முதல் தறியடிப்பவர். தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாரானால், தறிப்பலகை அவர் கையில் முன்னும் பின்னும், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இழைக்கும் ஒரு ஆட்டம். நாள் முழுக்க ஆட்டம். இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். சுவரின் மேலே காற்றுக்காக விட்ட சிறு சாளரம்.

ஜீவகுமார் எழுந்து நின்றார். உலகத்தில் எத்தனையோ பேர் தறியைப் பார்த்திருக்கிறார்கள். எத்தனையோ பேர் தூளியைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் தான்தான் என்று தோன்றியபோது அவருக்குக் கொஞ்சம் கண் கலங்கியது.

"இன்னா நயினாரே, கயித்தோட வர்ற? யாருக்கு?" என்றார் பரசுராமன். சமணர்களை நயினார் என்று கூப்பிடுவது அந்தத் தெரு வழக்கம்.

ஜீவகுமார் விஷயத்தைச் சொன்னார். பலகையில் கயிற்றைக் கட்டி, சாளரம் வழியாக விட்டு, அந்தப் பக்கம் ஒரு கப்பியில் கொடுத்துத் தூளியில் முடிச்சுப் போட்டால், இங்கே புடவை, அங்கே தூக்கம்.

பரசுராமன் குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

"நான் நெய்யறது முகூர்த்தப் பொடவை நயினாரே. உன் புள்ளைக்குத் தாலாட்டு இல்ல."

"ஒரு மெல்லிசு கயிறுதாண்ணே. உனக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

"பலகை கனக்கும். அடி சீரா வுழாது."

"நூலு யாரு குடுக்கறது?" என்றார் ஜீவகுமார், மிகவும் மெதுவாக.

பரசுராமன் பெருமூச்சு விட்டுப் பலகையைக் காட்டினார். நூல் கொடுப்பவரிடம் எந்த நெசவாளியும் அதற்கு மேல் வாதம் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பெருமூச்சை ஜீவகுமார் கணக்கில் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதனவதி தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதலில் ஒரு பூசணிக்காயை வைத்து ஓட்டிப் பார்த்தார். பூசணிக்காய் பூப்போல ஆடியது. பிறகு பூசணிக்காய் இறங்க, குந்துநாதன் ஏறினான். தறி அடித்தது. தூளி ஆடியது. பிள்ளை கண்ணை மூடினான்.

ஈரத்தலையோடு வாசற்படியில் நின்ற மதனவதியின் பார்வை தூளியிலிருந்து கயிற்றுக்குப் போனது, கயிற்றிலிருந்து கப்பிக்கு, கப்பியிலிருந்து சாளரத்துக்கு. ஓடி வந்து தூளிக்கு அடியில் கையைக் கொடுத்துப் பார்த்தாள். தூளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது. அடியில் மெத்தென்று ஜமக்காளம் விரித்திருந்தது. ஆட்டமும் மெதுவாகத்தான் இருந்தது. அவள் மூச்சு திரும்பி வந்தது.

"பயப்படாத. பூசணிக்காய வெச்சு டெஸ்ட் பண்ணிட்டேன்."

"பூசணிக்காய் தூங்கிச்சாங்க?"

"கேலியா? புள்ள தூங்கறான் பாரு. சொல்லு, எப்படி இருக்குது?"

அவள் கயிற்றை இன்னொரு முறை பார்த்தாள். அவரை ஒரு முறை பார்த்தாள். சிரித்தாள்.

"நல்லாத்தாங்க இருக்குது. இந்த மாதிரி யோசனையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு வராது."

கல்யாணமான நாளிலிருந்து மதனவதி எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. அந்த இடத்திலேயே அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் அவள். "இது உங்க முறை. எனக்கு ஓட்டத் தெரியாது. ஏதாவது தப்பாப் பண்ணிட்டா பெரிய வம்பு. அதனால பால் குடுக்கறது நானு. தூங்க வெக்கறது நீங்க. சரிதானே?"

"பேஷா!" என்றார் ஜீவகுமார்.

முதல் நாள் கடைக்கு வந்தவர்களையெல்லாம் உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். நூல் வாங்க வந்த ராமலிங்கம், "நயினாரு எஞ்சினீரிங் படிச்சிருக்கணும்" என்றார். அதற்காகவே அவருக்கு எடையில் கொஞ்சம் தாராளம் காட்டினார்.

இரண்டாம் நாள்தான் தறியைப் பற்றி ஒரு உண்மை தெரிந்தது. தறி நிற்கும். சும்மா சும்மா நிற்கும். இத்தனை காலம் நூல் விற்றும் அது எவ்வளவு முறை நிற்கிறது என்பதை அவர் கவனித்ததேயில்லை. தறி நின்றால் தூளி நிற்கும். தூளி நின்றால் குந்துநாதனின் கண் திறக்கும். பின்னாலேயே வாய் திறக்கும்.

"அண்ணே! ஏண்ணே நிறுத்திட்ட?" என்று சாளரத்தை நோக்கிக் கத்துவார் ஜீவகுமார்.

"இழை அறுந்துடுச்சி நயினாரே."

"அப்பறம் முடிஞ்சிக்கலாமே!"

"அப்பறம் முடிஞ்சா பொடவையில ஓட்டை வுழும். கல்யாணப் பொண்ணு உன் வூட்டு வாசல்ல வந்து நிக்கும். பரவால்லயா?"

இழை முடிந்து தறி ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கும்.

"இப்ப இன்னாண்ணே?"

"வெத்தல போடறேன்."

"போட்டுக்கினே நெய்யக் கூடாதா?"

"நெய்யலாம். வாயில இருக்கறது பொடவையில வுழுந்தா, அதுக்கும் ஒரு கலர் பேரு வெச்சி நீயே வித்துக்குவியா?"

தறி நிற்கும் நேரமெல்லாம் கயிற்றின் இந்த முனையை ஜீவகுமார் இழுத்தார். ஒரு கையால் கயிறு, மறு கையால் தராசு. கடைக்கு வந்தவர்கள் பச்சை கேட்டார்கள், அவர் மஞ்சளை நிறுத்துக் கொடுத்தார். இரவுகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. தறி தூங்கிவிடும், தெரு தூங்கிவிடும். பகலெல்லாம் ஆட்டத்தில் கிடந்த பிள்ளை மட்டும், கண்ணாடிப் பெட்டி வெளிச்சத்தைத் தேடுகிறவன் போல முழித்துக்கொண்டு கயிற்றைக் கேட்பான். "உங்க முறை நல்லா வேலை செய்யுதுங்க" என்று சொல்லிவிட்டு மதனவதி பால் கொடுக்க மட்டும் எழுந்து வருவாள்.

இதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது சாயங்காலம்.

சமண நெறிப்படி ஜீவகுமார் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள். அவர் பிறந்ததிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் ஒரு பருக்கை தொட்டதில்லை. வெளியூர் போனாலும் சூரியனைப் பார்த்துக்கொண்டேதான் கையை நனைப்பார். அன்று சாயங்காலம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு, பருப்பு, அவருக்குப் பிடித்த வாழைப்பூப் பொரியல். முதல் கவளத்தை உருட்டினார். தறி நின்றது.

"வீல்" என்றான் குந்துநாதன்.

"அண்ணே! வெளிச்சம் இன்னும் இருக்குதே!"

"உனக்கு இருக்குது. எனக்கு அரக்குக் கலரும் மாந்துளிர் கலரும் ஒண்ணாத் தெரியுது. கண்ணு மங்குதுப்பா. நாளைக்குப் பாப்போம்."

ஜீவகுமார் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"மதனா, கொஞ்சம் கயித்தை…"

"ஐயோ, நானா? வேகம் கூடிடுச்சுன்னா? உங்க கைப்பக்குவம் எனக்கு வராதுங்க."

அவர் எழுந்து போய் ஆட்டினார். பிள்ளை அடங்கியபோது ஏகாம்பரநாதர் கோபுரத்தின் மேல் வெயில் இல்லை. மதனவதி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "அடடா, பொழுது பூடுச்சே" என்று மிகவும் வருத்தப்பட்டாள்.

மறுநாள் அவர் உஷாராகி முன்கூட்டியே சாப்பிட உட்கார்ந்தார். தறியும் முன்கூட்டியே நின்றது.

அதற்கு மறுநாள் அதைவிட முன்னால் உட்கார்ந்தார். கொத்தவரங்காய் வதக்கல் மணந்தது. வெளியே மாடு மேய்ந்து திரும்பவில்லை, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் அப்போதுதான் தெருவில் நுழைகிறார்கள். தறி நின்றது.

"இன்னாண்ணே, இப்பவும் கண்ணு மங்குதா?"

"இடுப்பு நயினாரே. இடுப்புக்கு ஏது காலம் நேரம்?"

இந்த உலகத்தில் தன்னைத் தவிர எல்லாருக்கும் கண்ணோ இடுப்போ இருக்கிறது, தனக்கு மட்டும் வயிறு இருக்கிறது என்று ஜீவகுமார் பொருமினார். நெசவாளர் தெருவில் பிறந்து, நெசவாளிகளின் நடுவில் வியாபாரம் செய்து, ஒரு நெசவாளியின் இடுப்பால் பட்டினி கிடப்பதா? தூக்கமில்லாத இரவுகள். சோறில்லாத சாயங்காலங்கள். ஆனாலும் கயிற்றை அவிழ்க்க மனம் வரவில்லை. அவிழ்த்தால் மெட்ராசிலிருக்கும் அந்த நர்ஸம்மா ஜெயித்தவளாகிவிடுவாளே!

அவரை அசைத்தது வேறொன்று.

பட்டு நூல் கட்டைக் கையில் வாங்கியதும் எடை சொல்லிவிடுவார் ஜீவகுமார். தராசு பிறகு வந்து அவர் சொன்னதை ஒத்துக்கொள்ளும். காலையில் குளித்ததும் குந்துநாதனை அப்படித்தான் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பார்ப்பார். அன்று காலையும் ஏந்தினார். மதனவதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூடியிருக்குதாங்க?"

"கூடியிருக்குது" என்றார் வாய்.

இல்லை என்றது கை. வீட்டுக்கு வந்த நாளில் இருந்த அதே எடை. அழுது அழுது, விழித்து விழித்து, பாதிப் பாலோடு அயர்ந்து போகிற பிள்ளை எங்கிருந்து கூடுவான்? கை பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவர் அன்றைக்குத் தன் கையின் மேலேயே கோபப்பட்டார். மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். மறுபடியும் கண்ணாடி. மறுபடியும் வரிசை. செருப்பைக் கழற்றிவிட்டு.

மதனவதியிடம் கேட்க முடியாது. தீர்மானம் நிறைவேற்றியாயிற்று. மத்தியானம் ஜீவகுமார் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார். பரசுராமன் தறியில் இருந்தார். அவர் மனைவி மணியம்மாள் தரையில் உட்கார்ந்து ராட்டையில் நாடாவுக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மணியக்கா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. முசரவாக்கத்துல. அவரு வூட்டுல ஒரு குழந்தை, குறைமாசம். தூங்க மாட்டேங்குதாம்."

"அந்த முசரவாக்கத்துக்காரரு வூட்டுலயும் தறியில கயிறு கட்டியிருக்குதாங்களா?" என்றாள் மணியம்மாள், ராட்டையை நிறுத்தாமல்.

"அத்த வுடுக்கா. வைத்தியம் இன்னான்னு சொல்லேன்."

"இதுக்கு என்னை ஏன் கேக்கறீங்க? உங்க வூட்டுக்காரம்மாதான் தெருப் பொம்பளைங்க அத்தினி பேருக்கும் சொல்லிக்கினு இருக்குதே. ஆஸ்பத்திரில சொன்னத ஒண்ணு விடாம."

"எங்க?"

"இங்கதான். இதே எடத்துல. நீங்க கடையில நூலு நிறுக்கறப்ப. கோடித் தெரு இந்திரா மாசமா இருக்குது, அது தெனம் வந்து கேட்டுக்கினு போவுது."

"எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி நயினாரே" என்றார் பரசுராமன் குழிக்குள்ளிருந்து. தறியடித்துக்கொண்டே ஒப்பித்தார். "பகல்ல வெளிச்சம்." தடக். "ராவுல இருட்டு." தடக். "ராவுல பால் குடுக்கறப்ப கொஞ்சறது, வெளயாட்டு காட்டறது கூடாது." தடக். "மல்லாக்கப் போடு. தலகாணி தூக்கிப் போடு." தடக். "கண்ணு சொக்கறப்ப கீழ வுடு." தடக். "ஆட்டாத." தடக். "முக்கியமா தறியில கட்டி ஆட்டாத. இது மட்டும் நான் சேர்த்தது."

ஜீவகுமாருக்குக் காது மடல் எரிந்தது. தெருவுக்கே தெரியும். தறிக்குழிக்குத் தெரியும். இன்னும் பிறக்காத பிள்ளையின் தாய்க்குத் தெரியும். பெற்ற தகப்பனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை! சொன்னபோது தான் கேட்கவில்லை என்ற சிறு விவரம் அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வரவில்லை.

வீட்டுக்கு வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மதனா, நான் ஒண்ணு யோசிச்சி வெச்சிருக்கேன். கயித்தை அவுத்துடப் போறேன்."

"ஐயையோ, ஏங்க? நல்ல முறையாச்சே!"

"ஆராய்ச்சின்னா அப்படித்தான். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு. இனிமே பகல்ல ஜன்னலத் தொறந்து வெக்கணும். ராத்திரி இருட்டா இருக்கணும். அவன் கண்ணு சொக்கறப்பவே பாயில வுட்டுடணும்."

மதனவதி முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். "இதெல்லாம் எப்படிங்க உங்களுக்குத் தோணுது?"

"தோணுது."

"எப்படிப் போடணும்? குப்புறவா?"

"சே! மல்லாக்க!"

"தலகாணி?"

"தூக்கிப் போடு."

"அழுதா?"

ஜீவகுமார் தடுமாறினார். பரசுராமன் ஒப்பித்ததில் அது இல்லை; அந்த இடத்தில்தான் அவர் வெற்றிலைக்கு நிறுத்தியிருக்க வேண்டும்.

"அழுதா… அதாவது, அழுதா…"

"தூக்காம, நெஞ்சு மேல மெதுவா கைய வெச்சிக்கினு பக்கத்துலயே இருந்தா அடங்கிடுமோ? அப்பவும் அடங்கலேன்னா பசிதானான்னு பாக்கணுமோ?"

"அதத்தான் சொல்ல வந்தேன்! அதுக்குள்ள நீ பேசிட்ட."

"குறைமாசப் புள்ள ரொம்ப நேரம் தூங்கிட்டா, பாலுக்கு எழுப்பணுமோ?"

"எழுப்பாம? நான் எழுப்பி உங்கிட்டத் தருவேன். நீ பாட்டுக்குத் தூங்கு. இதெல்லாம் பழக்கம் இல்லாதவங்க செஞ்சா கெட்டுடும்."

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள் மதனவதி.

சொன்னவுடன் எல்லாம் நடந்துவிடவில்லை. கயிறு போன கோபத்தில் குந்துநாதன் தெருவைக் கூட்டினான். ஜீவகுமார் பாயின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தச் சின்ன நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அந்த நர்ஸம்மாவைத் திட்டினார், பரசுராமனைத் திட்டினார், பூசணிக்காயைத் திட்டினார். முதல் நாள் முடியாமல் தூக்கிவிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் மத்தியானம், ஜன்னல் வெளிச்சம் பாயில் விழுந்திருக்க, பக்கத்துத் தறி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தான். ஒரு கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவிக்கு முகம் போதவில்லை. கையை ஒரு முறை காற்றில் வீசினான். யாரும் ஆட்டாமல், யாரும் பாடாமல், தானாகவே தூங்கிப்போனான்.

ஜீவகுமார் கையை எடுக்க பயந்து அப்படியே இருந்தார். கைக்கு அடியில் நெஞ்சு ஏறி இறங்கியது. ஆட்டம் அங்கேயே இருந்திருக்கிறது.

பிறகு சொல்வதற்காகச் சமையலறைக்கு ஓடினார். அரைக்கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்தது. கையில் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டே மதனவதி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் இப்படி அசந்து தூங்கி அவர் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுப்பவில்லை. மிச்சக் கீரையைத் தானே ஆய்ந்து வைத்தார். அதில் பழுத்த இலை நிறைய இருந்தது என்று பிறகு அவள் சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் பகலும் இரவும் மெள்ள மெள்ள அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிள்ளை வயிறு முட்டக் குடித்தான். சூரியன் இருக்கும்போதே ஜீவகுமார் தட்டை வழித்துச் சாப்பிட்டார். காலையில் பிள்ளையை ஏந்தியபோது வாயும் கையும் ஒரே பதிலைச் சொல்லின.

மாதம் முடிந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரித் தராசில் குந்துநாதனைப் படுக்க வைத்தபோது மதனவதி கண்ணை மூடிக்கொண்டாள். ஜீவகுமார் மூடவில்லை. முள் நகர்ந்து, தாண்ட வேண்டிய கோட்டைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் போய் நின்றது.

"பெட்டி வேணாம்" என்றாள் நர்ஸம்மா. "அருமையா ஏறியிருக்கு. யாரும்மா தூங்க வைக்கிறது?"

மதனவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருதாங்க. எல்லாம் அவரோட சொந்த யோசனை."

பெஞ்சியில் உட்கார்ந்திருந்த தகப்பன்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜீவகுமாருக்கு அது போதும். அவர்கள் நடுவில் போய் நின்றுகொண்டு வெளிச்சத்தில் ஆரம்பித்து, இருட்டுக்கு வந்து, தலையணையைக் கண்டித்து, உள்ளங்கையில் முடித்தார். "இதெல்லாம் பொம்பளைங்க வேலைன்னு இருந்துடாதீங்க. எடுத்துச் சொன்னா அக்கறையா உக்காந்து கேட்டுக்கணும்" என்று காப்பி குடிக்க எழுந்த ஒருவரைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் நர்ஸம்மா. "அப்போ தொடர்ந்து நீங்களே தூங்க வையுங்க. உங்க கை அவனுக்குப் பழகிடுச்சு. இப்ப ஆளை மாத்தாதீங்க."

"மாத்தறதா? அந்தப் பேச்சே இல்ல" என்றார் ஜீவகுமார். ஒத்துக்கொண்டது எதற்கு என்று பஸ்ஸில்தான் அவருக்கு லேசாகப் புரிந்தது. அதற்குள் மதனவதி ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

பரவாயில்லை. ஜெயித்தது அவர்தானே. அந்த நர்ஸம்மாவே மெச்சிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் பிடித்த வண்டி பிள்ளையார்பாளையத்துக்குள் நுழையும்போது, இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ராமலிங்கத்திடம் எப்படித் தொடங்கிச் சொல்வது என்று அவர் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தார். வாசலில் பரசுராமன் காத்துக்கொண்டு நின்றார். வெயில் இன்னும் சாயவில்லை.

"அண்ணே, ஏறிடுச்சி!" என்றார் ஜீவகுமார். "பாத்தியா நம்ம முறைய?"

பரசுராமன் அவருக்கு ஒரு தலையாட்டல் கொடுத்துவிட்டு, பின்னால் இறங்கிய மதனவதியிடம் திரும்பினார்.

"அப்ப நாளைலேர்ந்து நயினாரு சாப்புடற நேரத்துலயும் நான் தறி ஓட்டலாமாம்மா?"